மூன்று இதழுக்கான கட்டுரைகள் கையில் இருக்கட்டும்

வாசகர் கடிதம்: "மயிலாடுதுறை அருகே அரசுப் பள்ளியில் 31 ஆண்டுகள் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நண்பர்கள் மூவருடன் சேர்ந்து எங்கள் வட்டார வரலாற்றுக்கென்று ஒரு காலாண்டிதழ் தொடங்கப் போகிறேன். டெம்மி அளவு, 64 பக்கம். வரும் தை முதல் நாள் வெளியீடு. 11 கட்டுரைகள் தயார். மொத்தம் 14,000 சொல் இருக்கும். அவற்றில் ஏழு நான் எழுதியவை. தரங்கம்பாடி ரயில் பாதையில் வேலை பார்த்த 84 வயதுப் பெரியவர் ஒருவரின் பேட்டியை மூன்றாம் இதழுக்கு எடுக்கலாம் என்று வைத்திருக்கிறேன். இப்போதே ஆயுள் சந்தா வாங்கத் தொடங்கலாமா? அச்சுக்குப் போகும் முன் வேறு என்னென்ன தயாராக இருக்க வேண்டும்?"

அன்புள்ள ஐயா,

தை முதல் நாள் வேண்டாம். ஐப்பசி முதல் நாளுக்குத் தள்ளி வையுங்கள். ஒன்பது மாதம் கூடுதலாகக் கேட்கிறேனே என்று மனம் சோர வேண்டாம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இதழ்ப் பணியில் இருக்கிறேன். உங்கள் இதழ் நிலைத்து நிற்க வேண்டும் என்ற ஆசையோடுதான் இதைச் சொல்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். டெம்மி எட்டில் ஒரு ஃபாரம், அதாவது சேர்த்து அச்சிட்டு மடிக்கும் ஒரு தொகுப்பு, 16 பக்கம்; 64 பக்கம் என்றால் நான்கு ஃபாரம். தலைப்புப் பக்கம், பொருளடக்கம், தலையங்கம், படங்கள் எல்லாம் போக 56 பக்கம் கட்டுரைக்கு மிஞ்சும். பதினொரு புள்ளி எழுத்தில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 240 தமிழ்ச் சொல் அடங்கும். ஆக ஓர் இதழுக்கு ஏறக்குறைய 13,500 சொல் வேண்டும். உங்களிடம் இருப்பது 14,000. முதல் இதழ் வெளிவரும் அன்று உங்கள் மேசை இழுப்பறையில் மிஞ்சுவது 500 சொல், அதாவது இரண்டு பக்கம்.

அடுத்த இதழுக்குத்தான் மூன்று மாதம் இருக்கிறதே என்று தோன்றும். அந்தத் தொண்ணூறு நாளைப் பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள். அச்சும் பைண்டிங்கும் பத்து நாள். பக்க வடிவமைப்பும் இரண்டு முறை மெய்ப்புப் பார்ப்பதும் (அச்சுப்பிழை திருத்துவதும்) இருபது நாள். கட்டுரைகளைச் செப்பனிட்டு, ஐயம் கேட்டு எழுதி, பதில் வாங்க இன்னொரு இருபது நாள். எழுதுவதற்கு மீதியிருப்பது நாற்பதே நாள். அதற்குள்ளும் முதல் இதழைக் கட்டித் தபாலில் சேர்ப்பது, வராத பிரதிக்குப் பதில் எழுதுவது, விற்ற கடைகளில் பணம் வாங்குவது என்று எல்லாம் உங்கள் நால்வர் தலையில்தான் விழும். உங்கள் கட்டுரைகள் எப்படிப்பட்டவை என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஒரு கல்வெட்டின் பாடத்தைச் சரிபார்க்கவே ஒரு முறை தஞ்சாவூருக்குப் போய்வர வேண்டியிருக்கும். நாற்பது நாளில் 13,500 சொல் வராது. வந்தாலும் அது நீங்கள் பெருமைப்படும்படி இருக்காது.

இதை நான் பட்டு அறிந்தவன். 1990-களின் தொடக்கத்தில் நானும் இரண்டு நண்பர்களும் ஓர் இதழ் தொடங்கினோம். கையிலிருந்த நல்ல கட்டுரை அத்தனையையும் முதல் இதழிலேயே போட்டோம். 96 பக்கம் வந்தது. படித்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். இரண்டாம் இதழ் ஏழு வாரம் தாமதமாயிற்று. மூன்றாம் இதழ் 32 பக்கமாகச் சுருங்கியது. நான்காம் இதழ் வரவே இல்லை. ஓராண்டுச் சந்தா கட்டியிருந்த முதியவர் ஒருவர் அஞ்சலட்டை போட்டிருந்தார்: "பணம் திரும்ப வேண்டாம், இதழ் வருமா என்று மட்டும் தெரிவிக்கவும்." அவருக்கு என்ன பதில் எழுதினேன் என்று நினைவில்லை. அந்த அட்டையை இன்றும் வைத்திருக்கிறேன். எங்களுக்கு ஆர்வம் குறைந்துவிடவில்லை, பணமும் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. கட்டுரைதான் தீர்ந்துபோயிற்று.

ஆகவே என் பதில் இதுதான்: முதல் இதழ் அச்சுக்குப் போகும் நாளில் மூன்று இதழுக்கான கட்டுரைகள் செப்பனிட்ட நிலையில் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஏறத்தாழ 40,000 சொல். மூன்று பெரிய உறைகளை வாங்கி ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதி மேசை மேல் வையுங்கள். கட்டுரை வரவர எந்த உறையில் எது என்று நண்பர்கள் நால்வரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். ஒரே உறையில் நான்கு கோயில் கட்டுரை சேர்ந்துவிட்டால் அது அச்சுக்குப் போகும் முன்பே கண்ணில் படும். இன்னொரு பெரிய நன்மையும் உண்டு. உங்கள் பொருளுக்கு எவ்வளவு அகலம், உண்மையில் உங்களுடன் எழுத எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை இந்த ஒன்பது மாதம் சொல்லிவிடும். சந்தாதாரர் யாரும் காத்திராத நேரத்தில் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

உங்கள் வட்டாரத்திலேயே இதற்கொரு முன்னோடி இருக்கிறது. ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். புதிய ஏற்பாட்டை 1708-இல் தமிழில் பெயர்க்கத் தொடங்கி 1711-இல் முடித்துவிட்டார். அப்போது அவரிடம் தமிழ் அச்செழுத்து ஒன்றுகூட இல்லை. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் பிறகுதான் வந்து சேர்ந்தன. அவையும் அளவில் பெரியவை, காகிதத்தை விழுங்கின. கிடைத்த காகிதத்துக்குள் நூலை அடக்க, தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1714-இல் அச்சு தொடங்கியபோது, கையெழுத்துப் பிரதி முடிந்து மூன்றாண்டு ஆகியிருந்தது. அச்சகத்தார் பிரதிக்காக ஒரு நாளும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அவருடைய சமயப் பணியைப் பற்றி யாருக்கு எந்தக் கருத்து இருந்தாலும், இந்த ஒழுங்கை அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம்.

சரி, மூன்று உறைகளையும் எதைக் கொண்டு நிரப்புவது?

கடிதத்தைப் படித்தபோது ஓர் இடத்தில் என் மனம் பதறியது. அந்த ரயில்வேப் பெரியவரின் பேட்டி. மூன்றாம் இதழுக்கு என்கிறீர்கள். அவருக்கு 84 வயது ஐயா. இதழில் எப்போது வேண்டுமானாலும் வரட்டும், பேட்டியை இப்போதே எடுத்துவிடுங்கள். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்குப் போன அந்தப் பாதை 1926-இல் திறக்கப்பட்டு 1986-இல் மூடப்பட்டது. அறுபது ஆண்டு ஓடிய ரயில். அதில் வேலை பார்த்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். டேனியக் கோட்டை 1620-இல் கட்டப்பட்டது என்பதும், 1845-இல் டேனியர்கள் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றார்கள் என்பதும் நூலகங்களில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றை அடுத்த ஆண்டும் எழுதலாம். ஆக்கூரிலும் திருக்கடையூரிலும் பொறையாறிலும் யார் ஏறினார்கள், எந்தக் கூடையில் எதை ஏற்றினார்கள், மழைக்காலத்தில் பாதை எங்கே மூழ்கும் என்பதெல்லாம் மனிதர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. சேகரிப்பு வேலையை அங்கிருந்து தொடங்குங்கள்.

எழுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள் இருபது பேரின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். ரயில்காரர், காவிரிப் படித்துறையில் கடை வைத்திருந்தவர், நாகஸ்வரக் கலைஞர், மிராசுதார் வீட்டுக் கணக்கர், பழைய அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர், கடற்கரைக் கிராமத்து மூதாட்டி. பட்டியலில் பாதிப் பேராவது பெண்களாக இருக்கும்படி பாருங்கள். நம் வட்டார வரலாறுகளில் அவர்கள் குரல்தான் மிகக் குறைவு. ஒலிப்பதிவு செய்யுங்கள். பதிவின் தொடக்கத்தில் தேதி, ஊர், பெயர், வெளியிடச் சம்மதம் ஆகியவற்றை அவர்கள் குரலிலேயே சொல்லச் செய்யுங்கள். அன்று இரவே எழுத்தில் பெயர்த்துவிடுங்கள். ஒரு வாரம் போனால், பதிவில் தெளிவில்லாத சொல் என்னவாக இருக்கும் என்று உங்களுக்கே நினைவிருக்காது.

அடுத்தது, காலத்தோடு பொருந்தி வர வேண்டிய கட்டுரைகள். ஐப்பசியை நான் சொன்னதற்குக் காரணமே இதுதான். ஐப்பசி முழுதும் காவிரியில் துலா நீராடலுக்கு ஊருக்குள் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். மாதக் கடைசியில் கடைமுகம் என்னும் நிறைவு நீராடல், மறுநாள் கார்த்திகை முதல் தேதியில் முடவன் முழுக்கு. உங்கள் இதழுக்கு இதைவிடப் பொருத்தமான கூட்டம் ஆண்டில் வேறெப்போது கிடைக்கும்? இன்னொன்றும் சேர்கிறது. அன்று மாயூரம் எனப்பட்ட மயிலாடுதுறையில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை 1826 அக்டோபர் 11 அன்று பிறந்தவர். 2026 அக்டோபரில் இருநூறு ஆண்டு நிறைகிறது. ஐப்பசி பிறப்பதற்கு ஒரு வாரம் முன்பு! அவர் நீதிமன்றத்தில் அமர்ந்த ஊரிலிருந்து அந்த மாதம் ஒரு வரலாற்று இதழ் வருமானால், அதில் அவரைப் பற்றி வேறெங்கும் கிடைக்காத ஒரு கட்டுரையாவது இருக்க வேண்டும். அதற்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்கும் நீங்களோ நண்பரோ இரண்டு முறையாவது போய்வர வேண்டியிருக்கும். தையில் வெளியிடுவதாக இருந்தால் இந்த வாய்ப்பே உங்களுக்கு இல்லை.

பாகவதர் பிறந்த ஊர், கல்கி பிறந்த மண் போன்ற கட்டுரைகளும் உங்கள் பட்டியலில் இருக்கக்கூடும். தவறில்லை, ஆனால் அவற்றை இரண்டாம், மூன்றாம் உறைகளில் ஒவ்வொன்றாக வையுங்கள். எல்லோருக்கும் தெரிந்த பெயர்களை முதல் இதழில் அடுக்கினால், 'இதெல்லாம் தெரிந்ததுதானே' என்று புரட்டுகிறவர் மூடி வைத்துவிடுவார்.

தொடர் எதையும், கடைசி அத்தியாயம் கைக்கு வராமல் தொடங்காதீர்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமே இல்லை. எவ்வளவு பெரிய அறிஞர் வாக்குக் கொடுத்தாலும் சரி.

பதினொன்றில் ஏழு உங்களுடையவை என்பதுதான் உங்கள் கடிதத்தில் இரண்டாவது கவலை. இப்படிப் போனால் நீங்கள் ஒரு மாதம் படுத்துவிட்டாலும் இதழ் நின்றுவிடும். உங்கள் கட்டுரைகள் நன்றாக இல்லை என்று சொல்வதாக நினைக்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய மாதிரிக் கட்டுரையைப் படித்தேன், பாசன வாய்க்கால்களைப் பற்றி இவ்வளவு தெளிவாக எழுத இன்று ஆட்கள் குறைவு. இருந்தாலும் ஓர் இதழுக்கு உங்கள் கட்டுரை இரண்டு போதும். மற்றவர்களிடம் எப்படி வாங்குவது? "ஏதாவது எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டால் எதுவும் வராது. தலைப்பு, சொல் அளவு, தேதி இம்மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். "உங்கள் ஊர்ச் சந்தை எந்தக் கிழமை கூடியது, எப்போது நின்றது, 1,200 சொல்லில், பங்குனி பத்தாம் தேதிக்குள்" என்று கேட்டால் பாதிப் பேர் எழுதிக் கொடுப்பார்கள். 31 ஆண்டு மாணவர்கள் உங்களுக்கு இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கிராம நிர்வாக அலுவலராக இருப்பார், இன்னொருவர் கோயில் எழுத்தராக இருப்பார், ஒருவர் மீன் ஏலம் எடுப்பார். வாழ்வு தந்த அறிவு அவர்களிடம் இருக்கிறது. மொழியை நீங்கள் திருத்திக்கொள்ளலாம். இயன்றால் சிறு தொகையாவது கொடுங்கள். தொகை சிறிதாக இருந்தாலும், அடுத்த கட்டுரையை உரிமையோடு கேட்க முடியும்.

ஒவ்வொரு கட்டுரைக்கும் ஓர் ஆதாரக் கோப்பு வையுங்கள். கல்வெட்டைச் சொன்னால் எந்தத் தொகுதி, எந்த எண். பேட்டியைச் சொன்னால் எந்த நாள். "இரண்டாயிரம் ஆண்டு பழைமையான கோயில்" என்று ஒருவர் எழுதி வந்தால், எதை வைத்து என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். கட்டுரையாளர் கோபித்துக்கொள்ளலாம். வாசகரின் நம்பிக்கை அதைவிட முக்கியம்.

பெயர் எழுதும் முறையையும் இப்போதே முடிவு செய்யுங்கள். மாயவரம், மாயூரம், மயிலாடுதுறை: மூன்றும் உங்கள் 11 கட்டுரைகளிலேயே கலந்து வந்திருக்கும். ஆவணத்தை மேற்கோள் காட்டும்போது அதில் உள்ளபடி, கட்டுரையாளர் தம் சொல்லில் எழுதும்போது ஒரே பெயர் என்று வைத்துக்கொள்ளலாம். சீகன்பால்குவா, சீகன்பால்கா? ஆற்றின் பெயர் காவிரியா, காவேரியா? இரண்டு பக்கத்தில் ஒரு சொற்பட்டியல் போதும். மெய்ப்புப் பார்ப்பவர் மேசையில் அது ஒட்டியிருக்கட்டும்.

தட்டச்சு விஷயத்தில் ஒரு தொல்லை வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகளும் ஒருங்குறிக் (யூனிகோடு) கோப்புகளும் கலந்து வரும். மாற்றும்போது ஒற்றை மெய்யெழுத்தும் கொம்பும் இடம் மாறிவிடும். எல்லாவற்றையும் ஒருங்குறிக்கு மாற்றி, மாற்றிய பிறகே முதல் மெய்ப்பைப் பாருங்கள். படங்களை வாட்ஸ்அப்பில் வாங்கினால் அச்சில் கலங்கிப்போகும். வீட்டுக்கே போய், பழைய நிழற்படத்தை அச்சு அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளிக்குக் குறையாமல் வருடி (ஸ்கேன் செய்து) எடுத்து, உடனே மூலத்தைத் திருப்பிக் கொடுத்து, வெளியிடச் சம்மதக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய எழுத்துகளை மறுபதிப்புச் செய்வதானால், எழுதியவர் மறைந்து அறுபது ஆண்டு ஆகியிருக்க வேண்டும், அல்லது அவை நாட்டுடைமை ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் குடும்பத்தாரின் அனுமதி தேவை.

இதழை அரசிடம் பதிவு செய்வதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இந்த ஒன்பது மாதத்தில் அதுவும் நடக்க வேண்டும். 1867-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் வந்த பருவ இதழ்ப் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தலைப்புக்கும் பதிவுக்கும் இணைய வழியில் ஒரே விண்ணப்பம். மாவட்ட நிர்வாகம் கருத்துச் சொல்ல 60 நாள் அவகாசம் உண்டு. தமிழில் ஏற்கெனவே வேறொருவர் வைத்திருக்கும் தலைப்பு கிடைக்காது. எனவே ஒன்றிலேயே மனத்தை வைத்து அட்டை வடிவமைத்துவிடாமல், மாற்றுப் பெயர்களையும் யோசித்து வையுங்கள். இன்னொன்றும் அந்தச் சட்டத்தில் உண்டு: தொடர்ந்து வெளியிடத் தவறினால் பதிவை நிறுத்திவைக்க இடமிருக்கிறது. மூன்று உறைகளை நான் வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆடி மாதவாக்கில் முதல் உறையை எடுத்து, முழு இதழாகவே பக்கம் கட்டி, லேசரில் ஐந்து பிரதி எடுத்து ஸ்டேப்ளர் அடியுங்கள். உங்கள் நால்வரைச் சேராத ஐந்து பேரிடம் கொடுங்கள். ஒருவர் வரலாற்றில் ஆர்வமே இல்லாதவராக இருக்கட்டும். கருத்துக் கேட்காதீர்கள், மரியாதைக்கு "நன்றாக இருக்கிறது" என்பார்கள். எந்தப் பக்கத்தில் படிப்பதை நிறுத்தினீர்கள் என்று கேளுங்கள். இரண்டு பேர் ஒரே பக்கத்தைச் சொன்னால் அந்தக் கட்டுரையைத் திரும்ப எழுதச் சொல்ல வேண்டும். தலையங்கத்தை இதற்கெல்லாம் பிறகு கடைசியாக எழுதுங்கள். இன்று எழுதினால் செய்ய நினைப்பதை எழுதுவீர்கள். அன்று எழுதினால் செய்து முடித்ததை எழுதுவீர்கள்.

ஆயுள் சந்தா வாங்கவே வேண்டாம். அந்தப் பணம் முதல் இரண்டு இதழின் அச்சுக்கூலியில் கரைந்துவிடும், கடன் மட்டும் ஆயுள் முழுதும் நிற்கும். முதல் இதழைத் தனிப்பிரதியாக விற்றுவிட்டு, இரண்டாம் இதழ் சொன்ன தேதியில் வந்த பிறகு ஓராண்டுச் சந்தா கேளுங்கள். அதற்குள் தருகிறேன் என்று வற்புறுத்துகிறவர்களின் பெயரையும் முகவரியையும் மட்டும் ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த வார இறுதியில் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போவீர்கள் என்று நம்புகிறேன். காலையில் போங்கள், அந்த வயதில் பிற்பகலில் அயர்ந்துவிடுவார்கள். ரயில் பாதை மூடப்பட்ட காரணத்தைக் கேட்டு ஆரம்பிக்க வேண்டாம், அது ஆவணத்தில் கிடைக்கும். கடைசி ரயில் போன அன்று அவர் எந்த நிலையத்தில் இருந்தார், கையில் என்ன வைத்திருந்தார், வீட்டுக்கு எப்படித் திரும்பினார் என்று கேளுங்கள். பதிவை எழுத்தாக்கி முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். மெய்ப்பை நானே பார்த்துத் தருகிறேன்.